அப்பத்தா வீட்டுப் பின்வாசலை அடைக்க வேண்டாம்

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இது: தேவகோட்டைக்குப் பக்கத்து ஊரில் அப்பத்தா தனியாக இருக்கிறார், வயது 81. போன மாதம் அடுத்த தெருவில் ஒரு பூட்டிய வீட்டை உடைத்துப் பித்தளைச் சாமான்களையும் வெள்ளியையும் கொண்டுபோய்விட்டார்கள். அதிலிருந்து உங்களுக்கும் சென்னையில் இருக்கும் சித்தப்பாவுக்கும் தூக்கமில்லை. அதனால் நீங்கள் செய்ய நினைப்பது: எல்லா ஜன்னலுக்கும் கிரில், முற்றத்துக்கு மேலே ஷீட், பின்வாசலைச் செங்கல் வைத்து அடைப்பது, மதிலை ஒன்பது அடிக்கு உயர்த்தி மேலே கரண்ட் கம்பி, பன்னிரண்டு கேமரா, ஒரு நாய், அப்புறம் இரவில் வேலைக்காரம்மா வெளியே பூட்டிச் சாவியைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போவது. இதில் ஏதாவது விட்டுப்போயிற்றா என்று கேட்கிறீர்கள்.

தம்பி, எதுவும் விட்டுப்போகவில்லை. இந்தப் பட்டியலில் பாதியை நீங்கள் விட்டுவிட்டால் ஆச்சி, அதாவது உங்கள் அப்பத்தா, பிழைத்துக்கொள்வார்.

கடுமையாகச் சொல்கிறேனோ என்று யோசித்தேன். ஆனால் முப்பது வருடமாகக் காரைக்குடியைச் சுற்றிப் பழைய வீடுகளில் மராமத்து வேலை எடுத்துச் செய்கிறவன் நான். கிரில் வைத்துக் கொடுத்துச் சம்பாதித்திருக்கிறேன். ஒரு கிரில்லை வைத்தும் கொடுத்து, நாலு வருடம் கழித்து அதே கிரில்லை அறுக்கவும் போயிருக்கிறேன். பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வீடு. பெரியவர் காலையில் குளியலறையில் விழுந்துவிட்டார். குளியலறைக்கு உள்தாழ்ப்பாள், அதற்கு வெளியே மூன்று நிலைக்கதவுக்கும் உள்பக்கமாகப் பூட்டு, சாவிக்கொத்து அவர் தலையணைக்கு அடியில். குரல் மட்டும் தெருவுக்குக் கேட்கிறது. பர்மாத் தேக்கு நிலைக்கதவைக் கடப்பாரையால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பட்டறையிலிருந்து ஆளையும் கட்டரையும் வரவழைத்துப் பக்கத்து ஜன்னல் கம்பியை அறுத்து உள்ளே போக முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. "நல்ல கனமான கம்பியாகப் போடு" என்று அந்த வீட்டுப் பிள்ளைகள் சொன்னபோது நானும் தலையாட்டிவிட்டுப் போட்டதுதான் அது. பெரியவர் பிழைத்தார், இடுப்பெலும்பு போய்விட்டது. அதற்கப்புறம் எந்தக் கிரில் வைக்கச் சொன்னாலும் முதலில் ஒரு கேள்வி கேட்கிறேன்: உள்ளே இருக்கிறவர் எப்படி வெளியே வருவார், வெளியே இருக்கிறவர் எப்படி உள்ளே போவார்?

உங்கள் பயம் வெறும் கற்பனை என்று சொல்ல மாட்டேன். 2024 நவம்பரில் பல்லடம் பக்கம், 2025இல் சிவகிரி பக்கம், தோட்டத்து வீடுகளில் இருந்த வயதானவர்களைக் கொன்று கொள்ளையடித்ததைப் படித்த யாருக்கும் வயிற்றைக் கலக்கும். நம் ஊர்களிலும் ஆளில்லாத வீட்டில் தூணையும் கதவையும்கூடப் பெயர்த்துக்கொண்டு போகிறார்கள். அந்தத் தேக்குக்கும் பித்தளைக்கும் விலை இருக்கிறது, வாங்க ஆளும் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் அடுத்த தெருவில் திருடு போனது பூட்டிய வீட்டில். ஆச்சி இருக்கிற வீடு ஆளுள்ள வீடு. ஆளில்லாத வீட்டுக்குப் பொருந்தும் பூட்டை ஆளுள்ள வீட்டுக்குப் போடுவதில்தான் எல்லாக் கோளாறும் தொடங்குகிறது.

பின்வாசலுக்கு வருவோம். செட்டிநாட்டு வீடு பெரும்பாலும் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு, முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாங்கட்டு, அப்புறம் அடுப்படி, கிணறு, தோட்டம், பின்வாசல். நடந்தாலே நூறு, நூற்றைம்பது அடி வரும். இதில் ஈ.பி. மீட்டரும் மெயின் போர்டும் எங்கே இருக்கிறது என்று நினைவிருக்கிறதா? முகப்பில், திண்ணைக்குப் பக்கத்தில். அடுப்பும் சிலிண்டரும் எங்கே? பின்கட்டில். ஆச்சி படுப்பது நடுவில், வளவை ஒட்டிய அறையில். பழைய வீட்டில் தீப்பிடிக்க வாய்ப்புள்ள இரண்டு இடமும் இரண்டு கோடியில் இருக்கிறது. முன்னால் பற்றினால் பின்னால் ஓட வேண்டும், பின்னால் பற்றினால் முன்னால் ஓட வேண்டும். கட்டினவர்கள் இரண்டு தெருவுக்கும் வாசல் விட்டதற்குக் காரணம் வேறாக இருக்கலாம், வண்டி மாடு, வேலையாட்கள், விசேஷ நாள் கூட்டம் என்று. ஆனால் அந்த இரண்டாவது வாசல்தான் இன்று ஆச்சிக்கு உயிர். அதைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டால், மெயின் போர்டு எரியும் ராத்திரியில் அவர் அந்தப் போர்டைத் தாண்டித்தான் தெருவுக்கு வர வேண்டும்.

மெயின் போர்டு எரியுமா என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டு வயரிங் எந்தக் காலத்தது? மரச்சட்டம் அடித்து, அதன்மேல் வயர் ஓட்டியிருந்தால் அதன் உறை இதற்குள் உளுத்துப்போயிருக்கும். அந்த வயரில் இப்போது ஏ.சி., ஃப்ரிட்ஜ், தண்ணீர் மோட்டார், இனி பன்னிரண்டு கேமரா. திருட்டுக்காகச் செலவழிக்க வைத்திருக்கும் பணத்தில் முதல் பங்கை வயரிங்குக்குக் கொடுங்கள். பழைய ஃபியூஸ் கட்டையை எடுத்துவிட்டு லோடு கூடினால் தானே அணையும் எம்.சி.பி.யும், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுக்கே அணைந்துவிடும் ஆர்.சி.சி.பி.யும் போடச் சொல்லுங்கள். கேமராவை விட இது முக்கியம் என்று நான் எழுதித் தருவேன்.

பின்வாசல் பலவீனமாக இருக்கிறது என்பது உங்கள் கவலையானால், ஆசாரியைக் கூப்பிட்டு நிலையைச் சரிபார்த்து, உள்பக்கம் நல்ல குறுக்குக்கட்டை ஒன்று போடுங்கள். கட்டை என்றால் சாவி வேண்டாம், இருட்டிலும் கையால் தடவித் தூக்கிவிடலாம். 81 வயதுக்காரர் தூக்கும் கனமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வெளியிலிருந்து அதை உடைக்க எவ்வளவு சத்தம் போட வேண்டும் என்பது உடைக்க வருகிறவனுக்கும் தெரியும்.

இனி முற்றம். மேலே இரும்புக் கம்பி வலை போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, பல வீடுகளில் அந்தக் காலத்திலேயே போட்டிருக்கிறார்கள், குரங்குக்கும் அது நல்லது. ஷீட் போடாதீர்கள். முற்றம் வெளிச்சத்துக்கும் மழைத் தண்ணீருக்கும் மட்டும் என்று நினைக்கிறோம். வீட்டுக்குள் எங்கே புகை வந்தாலும் அது வெளியேறுகிற வழியும் அதுதான். கட்டடத் தீயில் சாகிறவர்களில் பலர் நெருப்புத் தொட்டுச் சாவதில்லை, புகையில் மூச்சு முட்டித்தான் சாகிறார்கள். 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் தியேட்டரில் தீப்பிடித்தது கீழ்த்தளத்து டிரான்ஸ்ஃபார்மரில். செத்துப்போன 59 பேரும் நெருப்புக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் இல்லை. மேலே பால்கனியில் வழி அடைபட்டுப் புகையில் மாட்டியவர்கள். முற்றத்தை ஷீட் போட்டு மூடினால் புகை வளவு முழுவதும் சுற்றிவந்து ஆச்சி படுத்திருக்கும் அறைக்குள் நுழையும். ஃபைபர் ஷீட்டாக இருந்தால் அதுவே உருகிச் சொட்டும். வெயில் காலத்தில் வீடு அடுப்பாகக் கொதிப்பதும், மழைக் காலத்தில் ஈரம் நின்று உத்திரத்தில் கரையான் ஏறுவதும் தனிக் கதை. அது தெரிந்துதான் முன்னோர்கள் வானத்தைப் பார்த்துத் திறந்து வைத்தார்கள் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை, அந்தப் பெருமை பேசுகிறவர்கள் வேறு நிறையப் பேர் இருக்கிறார்கள். திறந்திருப்பதை மூடும்போது அது என்னென்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுப்படி ஜன்னலுக்கும் இதே பேச்சுத்தான். சமையல் வாயு காற்றை விடக் கனமானது, கசிந்தால் தரையோடு படரும். ஜன்னலையும் கதவிடுக்கையும் பயத்தில் அடைத்துவிட்டால் 14.2 கிலோ சிலிண்டரில் கசிவது போக இடமில்லாமல் அங்கேயே நிற்கும். இன்வெர்ட்டர் பேட்டரியைத் திருட்டுக்குப் பயந்து காற்றில்லாத உள்ளறையில் வைக்கிறார்கள், அதுவும் தவறு. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

ஜன்னல் கிரில்: பழைய ஜன்னல்களில் கம்பி ஏற்கெனவே இருக்கும், அதன்மேல் இன்னொரு கிரில் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. வைத்தே ஆக வேண்டும் என்றால் ஆச்சி படுக்கும் அறையிலாவது ஒரு ஜன்னலின் கிரில் கீல் வைத்துத் திறக்கிற மாதிரி இருக்கட்டும். உள்ளிருந்து இழுத்துத் திறக்கும் கொண்டி போதும், அதற்கொரு பூட்டு, பூட்டுக்கொரு சாவி, சாவி பூஜை அறையில் என்று போக வேண்டாம்.

இப்போது எனக்கு ரொம்ப உறுத்துகிற விஷயம், இரவில் வெளியே பூட்டுவது. உங்கள் கடிதத்தில் இதைச் சாதாரணமாக ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் மூன்று தரம் படித்தேன். வேலைக்காரம்மா பக்கத்து ஊரில் இருக்கிறார், காலை ஆறு மணிக்கு வருகிறார் என்றால், எட்டு மணியிலிருந்து ஆறு மணி வரை பத்து மணி நேரம் ஒரு மனுஷி தன் சொந்த வீட்டிலிருந்து வெளியே வர முடியாது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் செத்துப்போனார்கள். கட்டியவர்கள் சாகடிக்க நினைத்துக் கட்டவில்லை. எங்கேயும் ஓடிப்போய்விடக் கூடாது என்று கட்டினார்கள். உங்கள் நோக்கமும் நல்ல நோக்கம்தான், தம்பி.

தீயைக்கூட விடுங்கள், அது வரலாம், வராமலும் போகலாம். நெஞ்சுவலியும் பக்கவாதமும் இந்த வயதில் திருடனை விட அதிகமாக வாசலைத் தட்டும். பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசியை முதல் அறிகுறியிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். 108 வண்டி தெருவில் வந்து நின்றாலும் சாவி பக்கத்து ஊரில் இருந்தால் என்ன செய்வது? வேலைக்காரம்மாவின் நிலைமையையும் யோசியுங்கள். நாளைக்கு ஏதாவது காணாமல் போனாலும் சாவி வைத்திருந்தவர் என்று அவரைத்தான் முதலில் விசாரிப்பார்கள்.

ஆச்சி உள்ளிருந்தே பூட்டிக்கொள்ளட்டும். முன்கதவுக்கு வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய பூட்டு ஒன்று, அதன் மாற்றுச்சாவி அதே தெருவில் இருக்கிற ஒரு வீட்டில், ஒட்டிய உறையில். பழைய பெரிய பூட்டு வேண்டாம். எந்தப் பக்கம் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்ற சூட்சுமம் ஆச்சிக்கு மட்டும்தான் தெரியும், பதற்றத்தில் அவருக்கே மறந்துபோகும். குளியலறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாளை எடுத்துவிட்டு வெளியிலிருந்தும் திருகித் திறக்கும் வகையைப் போடுங்கள். அந்தக் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்பக்கம் திறக்கும் கதவுக்குப் பின்னால் ஆள் விழுந்து கிடந்தால் தள்ளவே முடியாது, பள்ளத்தூர் வீட்டில் கடைசியில் எங்களைத் தடுத்தது அதுதான். பிடித்து நடக்க ஒரு கம்பியும் ராத்திரி எரியும் ஒரு சின்ன விளக்கும் போட்டால் புண்ணியம்.

பங்காளிகள் பூட்டி வைத்திருக்கும் அறைகள் எத்தனை? அதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் இருக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு பிள்ளையின் குடும்பத்துக்கும், ஓர் அறை, ஒவ்வொரு அறைக்கும் ஒரு பூட்டு, சாவி கோயம்புத்தூரில், மலேசியாவில். உள்ளே பழைய பேப்பர், பாய், மண்ணெண்ணெய் டின், என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. அடுத்த கோயில் விசேஷத்துக்கு எல்லாரும் வரும்போது ஒரு தரம் திறந்து பாருங்கள். அந்த அறைகளுக்குள் போகும் வயரைத் துண்டித்துவிடுங்கள்.

கரண்ட் கம்பி. இதற்கு நான் வர மாட்டேன், காரைக்குடியில் விவரம் தெரிந்த எந்த எலக்ட்ரீஷியனும் வர மாட்டார். வருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவரை வீட்டுக்குள் விடாதீர்கள். உடம்பில் பத்து மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே பிடித்த கையை விட முடியாது, சதை இறுக்கிக்கொள்ளும். 230 வோல்ட் லைனிலிருந்து நேராக இழுத்தால் ஐப்பசி மழையில் நனைந்த கை வழியே அதைப்போல் பல மடங்கு போகும். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் இப்படிக் கள்ளத்தனமாக இழுத்த கம்பியில் மூன்று யானைகள் செத்தன. உங்கள் மதிலில் யார் கை வைப்பார்கள்? பந்தெடுக்க ஏறும் பையன், முருங்கைக்காய் பறிக்கும் வேலைக்காரம்மா, கேபிள் கட்ட வருகிறவர். சிவகங்கைப் பக்கத்து மயில்களும் மதிலில்தான் உட்காரும். மயில் செத்தால் வனவிலங்குச் சட்டத்தில் தனி வழக்கு. முறையான மின்வேலிக் கருவி வேறு வகை. விநாடிக்கொரு தரம், விநாடியில் நூறில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரம் மட்டும் அதிர்ச்சி கொடுக்கும், நடுவில் கையை எடுத்துக்கொள்ள இடம் விடும். அதுவும் தெரு வீட்டுக்கு எதற்கு? திருடனே மாட்டிச் செத்தாலும் நீங்கள் தப்ப முடியாது. தற்காப்பு என்றாலும் தேவைக்கு மேல் தீங்கு செய்யச் சட்டம் இடம் தரவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில், கவனக்குறைவால் ஒருவர் சாகக் காரணமானாலே ஐந்து வருடம் வரை சிறை. பழைய சட்டத்தில் அது இரண்டு வருடமாக இருந்தது. வழக்கு ஆச்சி பேரில் வரும், வீடு அவர் பெயரில்தானே இருக்கிறது?

மதிலை ஒன்பது அடிக்கு உயர்த்துவதும் வேண்டாம். இப்போது பின்தெருவில் போகிறவர் எட்டிப் பார்த்தால் தோட்டம் தெரிகிறது. உயர்த்திவிட்டால் அதற்குள் குதித்தவன் விடியும் வரை நிதானமாக வேலை செய்யலாம். யாருக்கும் தெரியாது.

நாய் விஷயத்தில் சித்தப்பாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள். ராஜபாளையம் ஓடித் திரிய வேண்டிய நாய், நாள் முழுவதும் சங்கிலியில் கிடந்தால் கடிநாயாகிவிடும். ஆச்சி அதைப் பிடித்துக்கொண்டு ஒரு நடை நடக்க முடியுமா? பால்காரர், பூக்காரம்மா, போஸ்ட்மேன் எல்லாரும் வாசலிலிருந்தே திரும்பிவிடுவார்கள். அப்புறம், வெள்ளை ராஜபாளையத்தில் பிறவியிலேயே காது கேட்காத குட்டிகள் வருவது தெரிந்த விஷயம். காவலுக்கு வாங்கி, ஆச்சிக்கும் கேட்காது, நாய்க்கும் கேட்காது என்று ஆகிவிடப் போகிறது.

கேமரா இரண்டு போதும், முன்வாசலில் ஒன்று, பின்வாசலில் ஒன்று. பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். 2016இல் மிராய் என்ற நிரல் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கருவிகளுக்குள் நுழைந்தது அந்த மாற்றாத கடவுச்சொல் வழியாகத்தான், அவற்றில் நிறைய வீட்டுக் கேமராக்கள். பதிவுப் பெட்டியைக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போவார்கள். வளவுக்குள் கேமரா வேண்டவே வேண்டாம். எனக்குத் தெரிந்த ஓர் ஆச்சி முற்றத்தில் உட்கார்ந்து தலை உலர்த்துவதையே விட்டுவிட்டார். "பேரன் பார்த்துக்கிட்டே இருக்கானப்பா" என்றார். பேரன் முன்பெல்லாம் தினமும் போன் செய்வார், இப்போது கேமராவில் பார்த்துக்கொள்கிறார்.

இன்னொன்று, இந்த வேலைகளுக்கு வருகிறவர்கள். கிரில்லுக்கு நாலு பேர், கேமராவுக்கு மூன்று பேர், மதிலுக்கு ஆறு பேர். எந்த அறையில் ஆச்சி படுக்கிறார், எங்கே பீரோ, எது பூட்டாத கதவு என்று ஒரே வாரத்தில் பதின்மூன்று பேருக்குத் தெரிந்துவிடும். பெரும்பாலோர் நல்லவர்கள்தான், என் ஆட்களையும் சேர்த்து. ஆனால் இவ்வளவு காவல் போடுகிறார்களே, உள்ளே ஏதோ இருக்கிறது என்ற பேச்சு டீக்கடை வரை போகும்.

உள்ளே எதுவும் இல்லாமல் செய்துவிடுவதுதான் சுலபம். நகையும் வெள்ளியும் வங்கி லாக்கருக்குப் போகட்டும். கழுத்துரு, அந்தக் கனமான கல்யாணத் தாலி, இன்னும் வீட்டில் இருந்தால் அதைத்தான் முதலில் கொண்டுபோக வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, வங்கிக் கட்டடத்தில் திருட்டு, தீ போன்றவற்றால் லாக்கர் பொருள் போனால் வருட வாடகையைப் போல் நூறு மடங்கு வரை வங்கி பொறுப்பேற்க வேண்டும். உங்கள் நகைக்கு அது ஈடாகாது என்பது உண்மை. ஆனால் அதற்காக ராத்திரி யாரும் ஆச்சி கழுத்தில் கை வைக்க மாட்டார்கள். வீட்டில் எதுவுமில்லை என்பதை ஆச்சியே நாலு பேரிடம் சொல்லிப் புலம்பட்டும், அது நல்ல காவல்.

மற்றதெல்லாம் ஆட்கள். உங்கள் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும், திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும்தான் திறப்பார்கள். அதுதான் உண்மையான பலவீனம். அதற்குக் கிரில் வைக்க முடியாது. காலையில் பால்காரர் கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று ஒரு எண் அவரிடம் இருக்கட்டும். சாயங்காலம் ஆச்சி திண்ணையில் உட்காரட்டும், பூக்காரம்மா அங்கேயே உட்கார்ந்து கட்டட்டும். ராத்திரிக்குத் துணையாகப் படுக்க ஒருவரை ஏற்பாடு செய்ய முடியுமானால் மதிலுக்கு ஆகும் செலவில் அவருக்குப் பல வருடம் சம்பளம் கொடுக்கலாம். உள்ளூர் போலீஸ் ஸ்டேஷனில் வயதானவர் தனியாக இருக்கிறார் என்று எழுதிக் கொடுங்கள், ரோந்து வருகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். 112, 101, 108 மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதிப் படுக்கைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

கொத்தனார் வருவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். சித்தப்பா ஊருக்குப் போகும்போது, ராத்திரி பத்து மணிக்கு மெயினை அணைத்துவிட்டு, இப்போது இருக்கிற பூட்டையெல்லாம் வழக்கம்போல் போட்டுவிட்டு, ஆச்சியைப் படுக்கையிலிருந்து எழுந்து பின்தெருவுக்கு வரச் சொல்லட்டும். கூடவே ஒருவர் டார்ச்சோடு நடக்கட்டும், விழுந்துவிடக் கூடாது. எத்தனை நிமிஷம் ஆகிறது, எந்தக் கதவில் நிற்கிறார் என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதை எனக்கு எழுதுங்கள், எந்தக் கதவில் என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.